வலியைத் தணித்த ஊசி அரிப்பைக் கொண்டுவந்தது ஏன்?

பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். அவருடைய அக்காவுக்கு அண்மையில் அறுவை மூலம் குழந்தை பிறந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்த மருத்துவர், பிறகு வலி தெரியாமலிருக்க அந்த ஊசியிலேயே சிறிதளவு மார்ஃபினும் சேர்த்திருந்தார். அன்றிரவு தையல் போட்ட இடத்தில் வலி ஏறக்குறைய இல்லை. ஆனால் மூக்கும் கன்னமும் மார்பும் விடியும்வரை அரித்துக்கொண்டே இருந்தன. கேட்டதற்குத் தாதி, "இது வழக்கமானதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதே வீட்டில், பல ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு) நோயுள்ள அப்பாவுக்கு இரவில் போர்வை பாதத்தில் பட்டாலே எரிகிறது. ஊசியால் குத்திப் பார்த்தாலோ அதே பாதத்தில் பல இடங்களில் உணர்ச்சியே இல்லை. வலியும் அரிப்பும் ஒரே நரம்பில்தானே போகின்றன, வலியை நிறுத்திய மருந்து அரிப்பை மட்டும் ஏன் விட்டுவைத்தது, போர்வை பட்டால் வலிப்பது எப்படி என்று கேட்கிறார்.

தாதி சொன்னது உண்மைதான். மார்ஃபின் கலந்த முதுகு ஊசி பெறும் தாய்மார்களில் பெரும்பாலோருக்கு ஓரளவாவது அரிப்பு வரும். ஆனால் அது விளக்கமாகாது. அக்காவின் அரிப்புக்கும் அப்பாவின் எரிச்சலுக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றலாம். இரண்டும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே வகையான காரணத்தால் நிகழ்பவை என்பதே நான் சொல்ல வருவது. அங்கே ஓயாமல் காவல் நிற்கும் அடக்கும் நரம்பணுக்கள் சற்றுக் கை தளர்த்தினால், அடங்கியிருக்க வேண்டிய செய்தி மேலே ஏறிவிடுகிறது. அக்காவுக்கு மருந்து அந்தக் கையைத் தளர்த்தியது. அப்பாவுக்கு நோய் தளர்த்தியது.

வலியும் அரிப்பும் ஒன்றே என்ற எண்ணம் உங்களுடையது மட்டுமல்ல. அரிப்பு என்பது சொறியத் தூண்டும் இனிமையற்ற உணர்வு என்று ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் 1660இல் எழுதிய வரையறையை மருத்துவ உலகம் இன்றுவரை மாற்றவில்லை. ஆனால் அதன் நரம்பு எது என்ற கேள்விக்கு, அரிப்பு என்பது மெலிந்த வலிதான், வலி நரம்பு மெல்லத் துடித்தால் அரிப்பு, வேகமாகத் துடித்தால் வலி என்ற பதிலே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் செல்வாக்குடன் இருந்தது. அதற்கு ஓர் ஆதாரமும் இருந்தது. தீராத புற்றுநோய் வலிக்காகத் தண்டுவடத்தின் முன்பக்கவாட்டுப் பாதையை அறுத்த நோயாளிகளுக்கு, உடலின் எதிர்ப்பக்கத்தில் வலியோடு அரிப்பும் சேர்ந்தே மறைந்தது. ஆனால் இரண்டு பேருந்துகள் ஒரே பாலத்தில் போகின்றன என்பதால் அவை ஒரே பேருந்து ஆகிவிடாது. இந்த விஷயத்தில் நம் பேச்சுமொழி அறிவியலைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல் என்று வலியின் பக்கத்திலும், அரிப்பு, நமைச்சல், ஊறல், தினவு என்று மறுபக்கத்திலும் வெவ்வேறு சொற்களை வைத்திருக்கும் நாம், ஊறலைச் சின்னக் குடைச்சல் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வலி வந்தால் கையை இழுத்துக்கொள்கிறோம். அரிப்பு வந்தால் கையை அங்கே கொண்டுபோகிறோம். உடல் இந்த இரண்டையும் வேறுவேறாகவே நடத்துகிறது.

இப்போது இடத்தைப் பார்ப்போம். தண்டுவடம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ள ஒரு வடம். இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. குறுக்காக வெட்டிப் பார்த்தால் நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதி தெரியும். அதன் முதுகுப் பக்கத்து இறக்கைகள் இரண்டையும் பின்கொம்பு என்கிறோம். தோலிலிருந்து வரும் செய்திகள் அனைத்தும் முதலில் இறங்கும் துறை அது. ஸ்வீடன் நாட்டு உடற்கூறியலாளர் புரோர் ரெக்செட் 1952இல் பூனையின் தண்டுவடச் சாம்பல் பகுதியைப் பத்து அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். நமக்கு முக்கியமானவை மேலே இருக்கும் முதலிரண்டு அடுக்குகள். இரண்டாம் அடுக்கில் நரம்பிழைகளைச் சுற்றும் கொழுப்புறை மிகக் குறைவு என்பதால் அது கண்ணாடி போலத் தெளிந்து, நுங்குச் சதை போலக் காணப்படும். பழைய உடற்கூறியலாளர்கள் அதற்குக் கூழ்மப் பொருள் என்று பெயர் வைத்தார்கள். பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது.

தோலிலிருந்து அங்கே வரும் இழைகள் ஒரே வேகத்தில் வருவதில்லை. இருட்டில் நடந்து மேசைக்காலில் கால்விரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். இடித்தது உடனே தெரிகிறது, சுருக்கென்று ஒரு வலி வருகிறது, பிறகு ஒரு மூச்சு விடும் இடைவெளி கழித்து, பல்லைக் கடிக்க வைக்கும் அந்த மந்தமான வலி மெல்ல ஏறி வருகிறது. தொடுகையைக் கொண்டுவரும் பருத்த இழைகள் நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை செல்கின்றன. சுருக்கென்ற வலியைத் தரும் மெல்லிய இழைகள் 5 முதல் 30 மீட்டர். உறையே இல்லாத சி வகை இழைகள் அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் மட்டுமே. ஒரு மீட்டருக்கு அப்பாலிருக்கும் கால்விரலிலிருந்து தொடுகை வந்து சேர்ந்து வெகுநேரம் ஆன பிறகுதான் சி இழையின் செய்தி தண்டுவடத்தையே தொடுகிறது. அரிப்பின் பெரும்பகுதி இந்த மெதுவான சி இழைகளில்தான் வருகிறது.

வந்த செய்தி நேரே மூளைக்குப் போவதில்லை என்பதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். பின்கொம்பின் முதல் அடுக்கில் மூளைக்கு நீண்ட இழை அனுப்பும் நரம்பணுக்கள், எலிகளில் எண்ணிப் பார்த்தவரை, ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்துதான். இரண்டாம் அடுக்கில் அப்படிப்பட்டவை அநேகமாக இல்லை. மற்றவை எல்லாம் அங்கேயே பிறந்து, அங்கேயே பேசி, அங்கேயே முடிந்துபோகும் இடைநரம்பணுக்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடக்கும் வகை. காபா, கிளைசின் என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சுரந்து அண்டை அணுக்களை அமைதிப்படுத்துவதே அவற்றின் தொழில். சுண்டெலியின் பின்கொம்பில் ஒவ்வோர் அணுவிலும் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று பிரித்துப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வு, தூண்டும் வகையில் 15, அடக்கும் வகையில் 15 என 30 இனங்களை இனம்கண்டது. மூளைக்கு அனுப்ப இத்தனை குறைவான ஆட்களும், உள்ளேயே ஆராய இத்தனை வகையான ஆட்களும் இருக்கும் ஓர் இடத்தை வெறும் கம்பி என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த இடத்தில் ஒரு வாயில் இருக்கிறது என்று முதலில் துணிந்து சொன்னவர்கள் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும். 1965இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான அவர்களுடைய கட்டுரையின் சாரம் இது: பருத்த தொடுகை இழைகள் கூழ்மப் பொருளில் உள்ள அடக்கும் அணுக்களை எழுப்பி வாயிலைச் சாத்துகின்றன, மெல்லிய வலி இழைகள் அந்த அணுக்களை ஒடுக்கி வாயிலைத் திறக்கின்றன, மூளையும் மேலிருந்து அந்த வாயிலை இயக்குகிறது. முழங்காலை இடித்துக்கொண்ட குழந்தையை அள்ளியெடுத்து, "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று அம்மா தேய்த்துவிடும்போது வலி குறைவதற்கு அது ஓர் உடலியல் காரணம் தந்தது. பிசியோதெரபி நிலையங்களில் தோலின்மேல் ஒட்டு வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிறு கருவியும் இந்தக் கருத்திலிருந்து பிறந்ததுதான். அவர்கள் வரைந்த சுற்றின் நுணுக்கங்கள் பல பின்னாளில் பிழை என்று தெரிந்தன. குறிப்பாக, மெல்லிய இழைகள் அடக்கும் அணுக்களை ஒடுக்குகின்றன என்ற பகுதி சோதனையில் நிற்கவில்லை. நான் மாணவர்களுக்குப் பாடம் நடத்திய ஆண்டுகளில் அந்தப் படத்தைப் பலகையில் வரைந்துவிட்டு, பாதி தவறு என்று சொல்லியபடியே ஒவ்வோர் ஆண்டும் விளக்குவேன். பாதி தவறான ஒரு படம் அறுபது ஆண்டு நிலைத்திருப்பதற்குக் காரணம், மீதிப் பாதி அத்தனை சரியாக இருந்ததுதான்.

அடக்கும் அணுக்கள் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்ட நமக்குப் பழக்கமான ஒரு மரம் உதவுகிறது. கசப்புக்கு உவமையாக நாம் சொல்லும் எட்டிக்காயின் விதையில் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு இருக்கிறது. அண்டை அணுவில் கிளைசினைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியை அது அடைத்துவிடும். அதாவது, அடக்கும் அணு கத்தினாலும் அண்டை அணுவின் காதில் விழாது. அந்த நஞ்சை மிகச் சிறிய அளவில் எலியின் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தியபோது, தோலில் எந்தக் காயமும் இல்லாமலே, மயிரை லேசாக வருடியதற்கே அந்த எலி கடும் வலிக்குரிய நடத்தையைக் காட்டியது. தொடுகை இழைகளுக்கும் வலிப் பாதைக்கும் இடையே இணைப்பு எப்போதும் இருக்கிறது. அடக்கும் அணுக்கள் அதை எந்நேரமும் அழுத்திப் பிடித்திருக்கின்றன. 2014இல் 'செல்' இதழில் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமாகப் பேசியது. டைனார்ஃபின் என்ற பொருளைச் சுரக்கும் மரபில் வந்த அடக்கும் அணுக்களை மட்டும் நீக்கிய சுண்டெலிகளுக்கு மெல்லிய தொடுகையே வலியாயிற்று. சொமாட்டோஸ்டேட்டின் என்ற பொருளைச் சுரக்கும் தூண்டும் அணுக்களை நீக்கியபோது குத்தல், கிள்ளல் போன்ற வலிகள் மறைந்தன, சூட்டு வலியோ அப்படியே இருந்தது. அப்பாவின் போர்வைக்கு நாம் பிறகு வரும்போது இந்த எலிகளை நினைவில் வைத்திருங்கள்.

அரிப்புக்கெனத் தனிப் பாதை உண்டு என்ற முதல் உறுதியான சான்று மனிதரிடமிருந்தே வந்தது. 1997இல் ஜெர்மனியில் மார்ட்டின் ஷ்மெல்ட்ஸ் குழுவினர் தன்னார்வலர்களின் கால் நரம்பில் நுண்ணூசி செருகி, ஒவ்வாமையின்போது உடல் சுரக்கும் ஹிஸ்டமின் பட்டால் அரிப்பு உணரப்படும் அதே நேர அளவுக்குத் துடிக்கும் சி இழைகளைக் கண்டார்கள். ஆனால் எல்லா அரிப்பும் ஹிஸ்டமினால் வருவதில்லை. பூனைக்காலிக் காயின் சுணை பட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உயிரே போவதுபோல் அரிக்கும், ஆனால் கொசுக்கடியில் வருவது போன்ற தடிப்பு பெரிதாக எழாது, ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரையும் பயன் தராது. அந்தச் சுணையிலுள்ள நொதி வேறோர் ஏற்பியைத் தொட்டு, வேறு வகை இழைகளை எழுப்புகிறது. சிறுநீரக நோயாளிகளின் அரிப்புக்கும் நாள்பட்ட தோல் அரிப்புகள் பலவற்றுக்கும் மருந்துக்கடை மாத்திரை ஏன் தோற்றுப்போகிறது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. அந்த மாத்திரை தரும் தூக்கத்தைப் பலர் குணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

தண்டுவடத்துக்குள் இந்த அரிப்புச் செய்தி தனியாகப் பேசப்படுகிறது என்று காட்டியது 2007இல் சொவ்-ஃபெங் சென் குழுவினரின் ஆய்வு. முதன்முதலில் பன்றியின் இரைப்பையிலிருந்து பிரிக்கப்பட்ட, ஜி.ஆர்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சிறு புரதத்துண்டு தண்டுவடத்தில் அரிப்பைக் கடத்துகிறது என்று அவர்கள் கண்டார்கள். 2009இல், அதன் ஏற்பியைத் தாங்கிய பின்கொம்பு அணுக்களை அழித்த சுண்டெலிகளுக்குப் பலவகை அரிப்பும் அநேகமாக இல்லாமற்போனது. வலி மட்டும் குறையவே இல்லை. நான்கு ஆண்டு கழித்து, மிஷ்ரா, ஹூன் என்ற இருவர், தோலிலிருந்து வரும் அரிப்பு இழை முதலில் பயன்படுத்தும் தூதுப்பொருளையும் கண்டார்கள். அது, இதயம் பலவீனமாக இருக்கிறதா என்றறிய இன்று ரத்தத்தில் அளக்கும் அதே இதய ஹார்மோன். இதயம் உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் சொல்லைத் தண்டுவடம் அரிப்புக்குப் பயன்படுத்துகிறது. புதுச்சொல் படைப்பதில் உடலுக்குக் கஞ்சத்தனம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறொன்று. சுண்டெலியின் கன்னத்தில் வலி தரும் பொருளைச் செலுத்தினால் அது முன்னங்காலால் துடைக்கும். அரிப்புப் பொருளைச் செலுத்தினால் பின்னங்காலால் சொறியும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினுக்கு அது துடைப்பதே வழக்கம். அந்தக் காரத்தை உணரும் ஏற்பியை உடல் முழுவதும் நீக்கிவிட்டு, அரிப்பு நரம்பணுக்களில் மட்டும் திரும்ப வைத்து, அதே மிளகாய்ப் பொருளைக் கன்னத்தில் செலுத்தினார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில் எலி பின்னங்காலைத் தூக்கிச் சொறிந்தது. பொருள் எது என்பதைவிட, எந்த நரம்பு எழுந்தது என்பதே உணர்வைத் தீர்மானிக்கிறது.

ஆனால் ஒரு புதிர் இதில் உள்ளது. அந்த அரிப்பு நரம்பணுக்களில் காரத்தை உணரும் ஏற்பி இயல்பாகவே இருக்கிறது. அப்படியானால் மிளகாய் அரைத்த கை அரிக்காமல் ஏன் எரிகிறது? மிளகாய் அரிப்பு நரம்புகளோடு, எண்ணிக்கையில் மிக அதிகமான வலி நரம்புகளையும் எழுப்புகிறது. வலி நரம்புகள் பின்கொம்பில் அடக்கும் அணுக்களை எழுப்பி அரிப்பின் வாயை மூடிவிடுகின்றன. வலி இருக்கும் இடத்தில் அரிப்பு பேச முடியாது என்பது தண்டுவடத்தின் எழுதப்படாத சட்டம். நாம் சொறிவதும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தத்தான். நகத்தால் சிறு வலியை உண்டாக்கி, அரிப்பை அடக்கச் சொல்லி அந்த அணுக்களை எழுப்புகிறோம். 2009இல் மயக்கத்தில் வைத்த குரங்குகளின் தண்டுவட நரம்பணுக்களைப் பதிவு செய்தபோது, ஹிஸ்டமினால் துடித்துக்கொண்டிருந்த அணு, தோலைச் சொறிந்ததும் அடங்கியது. கேப்சைசினால் துடித்தபோதோ அதே சொறிதல் அதை அடக்கவில்லை. வெளியிலிருந்து ஒன்றாகத் தெரியும் சொறிதல், உள்ளே என்ன செய்தி போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வேறுவேறாக நடத்தப்படுகிறது.

இந்தக் காவலைச் செய்யும் அணுக்களில் ஒரு பிரிவு, பி.எச்.எல்.எச்.பி.5 என்ற மரபணு இல்லாவிட்டால் உருவாவதில்லை. ஆய்வாளர் சாரா ராஸ் 2010இல் அப்படிப்பட்ட சுண்டெலிகளை விவரித்தபோது, அவை தோல் புண்ணாகும்வரை தம்மைத் தாமே சொறிந்துகொண்டன. இந்த அணுக்களுக்கு மிளகாய், கடுகெண்ணெய், மென்தால் மூன்றையும் உணரும் இழைகளிலிருந்து செய்தி வருகிறது என்று 2014இல் தெரிந்தது. கொசு கடித்த இடத்தில் பாட்டி கோடாரித் தைலத்தைத் தேய்த்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அதிலுள்ள மென்தாலின் குளிர்ச்சி இந்த அணுக்களை எழுப்பியது, அவை டைனார்ஃபினைச் சுரந்து அரிப்பைத் தணித்தன. டைனார்ஃபின் உடல் தானே தயாரிக்கும் அபின் வகைப் பொருள்களில் ஒன்று. கேப்பா என்ற ஏற்பி வழியே வேலை செய்கிறது. மார்ஃபின் வேலை செய்வதோ மியூ என்ற இன்னோர் ஏற்பி வழியே. அக்காவின் கதைக்கு இந்த இரண்டு பெயர்களும் போதும்.

முதுகு ஊசியில் சேர்த்த மார்ஃபின், சி இழைகளின் முனையிலுள்ள மியூ ஏற்பிகளைப் பிடித்து, வலியின் தூதுப்பொருள்கள் சுரக்காமல் தடுக்கிறது. எதிரே உள்ள அணுக்களையும் மந்தமாக்குகிறது. இதற்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் அதே மியூ ஏற்பி, அரிப்பைக் காவல் காக்கும் டைனார்ஃபின் அணுக்களிலும் இருக்கிறது. மார்ஃபின் திருடனையும் காவலாளியையும் பார்த்துப் பிரித்துத் தூங்கவைப்பதில்லை. வலி உறங்கியது, அரிப்பின் காவலும் உறங்கியது. 2021இல் வெளியான சுண்டெலி ஆய்வுகள் இந்த விளக்கத்தைத் தருகின்றன. இதற்கு முன்பு 2011இல், மியூ ஏற்பியின் ஒரு மாற்று வடிவம் ஜி.ஆர்.பி. ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு அரிப்பை நேரே தூண்டுகிறது என்று வேறொரு விளக்கம் வந்தது. காவல் தளர்ந்தது என்ற விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. மருத்துவர்கள் இந்த அரிப்புக்குக் கொடுக்கும் நால்புஃபின் என்ற மருந்து மியூ ஏற்பியை எதிர்த்து, கேப்பா ஏற்பியைத் தூண்டக்கூடியது. கதவின் இரண்டு தாழ்களையும் ஒன்றாகப் போடுவது போல. வயிற்றில் தையல் இருக்க முகம் ஏன் அரித்தது என்பதற்கும் காரணம் உண்டு. மார்ஃபின் கொழுப்பில் எளிதில் கரையாது. தண்டுவடத்தைச் சுற்றிய நீரிலேயே தங்கி, மெல்ல மேலேறி, சில மணி நேரத்தில் மூளைத்தண்டை அடைகிறது. முகத்தின் உணர்வுக்குரிய பின்கொம்பு அங்கேதான் இருக்கிறது, மியூ ஏற்பிகளும் அங்கே மிகுதி.

இந்த அறிவு ஏட்டோடு நிற்கவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளை வாட்டும் அரிப்புக்குக் கேப்பா ஏற்பியைத் தூண்டும் நால்ஃபுராஃபின் ஜப்பானில் 2009இல் வந்தது. மூளைக்குள் எளிதில் நுழையாத டிஃபெலிகெஃபாலின் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்கா 2021 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு இருப்பவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

சொறிவது அரிப்பை அடக்கும் என்றால், சொறியச் சொறிய அது வளர்வது ஏன் என்று கேட்பீர்கள். வலி மேலே போனதும் மூளைத்தண்டு தண்டுவடத்துக்குச் செரோட்டோனின் என்ற தூதுப்பொருளை இறக்குகிறது. அது வலியைத் தணிக்க வரும் உதவி. ஆனால் சுண்டெலிகளில் அதே செரோட்டோனின், அரிப்பு அணுக்களிலுள்ள இன்னோர் ஏற்பி வழியே ஜி.ஆர்.பி. பாதையை உரமேற்றுகிறது என்று சென் குழுவினர் 2014இல் காட்டினார்கள். நொடிக்கணக்கில் நிம்மதி, நிமிடக்கணக்கில் கடன்.

கொசுவோ எறும்போ மேலே ஊர்வதால் எழும் குறுகுறுப்புக்கு இன்னொரு காவல் இருக்கிறது. நியூரோபெப்டைடு ஒய் என்ற பொருள் கொண்ட அடக்கும் அணுக்களை நீக்கிய எலிகள், மயிரை லேசாகத் தொட்டாலே சொறிந்தன, வேதிப்பொருள்களால் வரும் அரிப்பு மட்டும் மாறவில்லை. ஆக, ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனி ஆள் காவல் நிற்கிறார்.

இனி அப்பா. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது; இனவாரியாக அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்தியர்கள். நீண்ட நரம்புகள் முதலில் கெடும் என்பதால் பாதத்தில் தொடங்குகிறது. நரம்பு முனை செத்த இடத்தில் குத்தினாலும் தெரியாது. அதே நேரம், சேதமடைந்து உயிரோடிருக்கும் இழைகள் காரணமின்றித் துடித்துத் தண்டுவடத்தை நச்சரிக்கின்றன. உணர்ச்சியின்மையும் எரிச்சலும் ஒரே பாதத்தில் சேர்ந்து இருப்பது முரண்பாடாகத் தோன்றினாலும் நோயின் இயல்பே அதுதான்.

அந்த நச்சரிப்பு பின்கொம்பில் என்ன செய்கிறது என்பது, என் எண்ணத்தில், இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு. காபா ஓர் அணுவை எப்படி அடக்குகிறது? அணுச் சவ்வில் ஒரு வாயிலைத் திறக்கிறது. வெளியிலுள்ள குளோரைடு உள்ளே பாய்ந்து, உள்ளேயுள்ள எதிர்மின்னேற்றத்தைக் கூட்டி, அணுவை அமைதிப்படுத்துகிறது. குளோரைடு உள்ளே பாய வேண்டுமானால் உள்ளே அது குறைவாக இருந்தாக வேண்டும். அதற்காகக் கே.சி.சி.2 என்ற பம்பு எந்நேரமும் குளோரைடை வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது; கோலாலம்பூர் அடுக்குமாடிகளின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் யார் கண்ணிலும் படாமல் ஓடும் நீர் பம்பைப் போல. அது நின்றால் என்ன ஆகும் என்பது அடுத்த மழையில்தான் தெரியும். நரம்பில் காயம்பட்ட எலிகளின் பின்கொம்பில் இந்தப் பம்பு குறைந்துபோவதை 2003இல் இவ் தெ கோனிங்க் குழுவினர் கண்டார்கள். தண்டுவடத்தின் துப்புரவு அணுக்களான நுண்கிளியாக்கள் விழித்துக்கொண்டு, பி.டி.என்.எஃப். என்ற பொருளைச் சுரந்து அதைக் குறைக்கின்றன என்று 2005இல் காட்டினார்கள். இனிப்பு நீர் உள்ள எலிகளிலும் இதே பம்பு குறைந்திருப்பதை 2008இல் வேறொரு குழு கண்டது. அங்கே அடக்கும் அணு சாகவில்லை, காபா குறையவில்லை; வாயிலும் திறக்கிறது. ஆனால் உள்ளே குளோரைடு ஏற்கெனவே நிறைந்திருப்பதால் ஒன்றும் நடப்பதில்லை, சில வேளை எதிர்விளைவும் நடக்கிறது. எட்டிக்காய் நஞ்சு செய்ததை, நோய் நஞ்சில்லாமலே செய்துவிட்டது. போர்வையின் தொடுகை, காவலற்ற அந்தப் பழைய இணைப்பு வழியே வலிப் பாதையில் ஏறுகிறது.

மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1969இல் டேவிட் ரெய்னால்ட்ஸ், எலியின் நடுமூளையில் ஒரு சிறு பகுதியை மின்சாரத்தால் தூண்டி, மயக்க மருந்தின்றியே வயிற்றில் அறுவை செய்ய முடிந்ததைக் காட்டினார். அந்தப் பாதை மூளைத்தண்டு வழியே இறங்கி, நார்அட்ரினலின், செரோட்டோனின் என்ற தூதுப்பொருள்களைக் கொண்டு பின்கொம்பை இயக்குகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் அலகு குத்திக்கொண்டு ஏறுபவர்களைப் பற்றி மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் கேட்பார்கள். அருளுக்கு நரம்பியல் விளக்கம் தருவது என் வேலையல்ல, ஆனால் கவனமும் நம்பிக்கையும் தண்டுவடம்வரை இறங்க ஒரு பாதை உண்டு என்று மட்டும் சொல்வேன். தனிமையும் அச்சமும் விழித்திருக்கும் இரவும் அதே பாதையில் எதிர்த்திசைக் கட்டளையை அனுப்பும். பகலில் தாங்கிக்கொண்ட எரிச்சல் படுத்தபின் பெரிதாவதில் இதற்கும் பங்குண்டு.

அப்பாவுக்கு மருத்துவர் மனச்சோர்வு மாத்திரை எழுதினால் வருத்தப்பட வேண்டாம். டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை இறங்கி வரும் நார்அட்ரினலினைத் தண்டுவடத்தில் நெடுநேரம் நிற்கவைக்கின்றன. அப்பாவின் மனத்தைப் பற்றி அவர் எந்த முடிவும் செய்யவில்லை. பிரிகாபலின், காபாபென்டின் என்ற மருந்துகள் பெயரில் காபாவைச் சுமந்தாலும் காபா ஏற்பியைத் தொடுவதில்லை. நரம்பு முனையின் கால்சிய வாயில்களைப் பிடித்து, தூதுப்பொருள் சுரப்பதைக் குறைக்கின்றன. சிறுநீரகம் சரியாக இல்லாவிட்டால் இவற்றின் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் அப்பாவின் ரத்தச் சோதனை முடிவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சாதாரண வலி மாத்திரைகள் இந்த எரிச்சலுக்கு அதிகம் உதவுவதில்லை. கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கினால் அவற்றில் பல சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

அக்காவின் அரிப்பு மருந்து கழிந்ததும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், போய்விடும்; ஒவ்வாமை என்று அட்டையில் எழுதிக்கொள்ளத் தேவையில்லை, அடுத்த முறை மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும். அப்பாவின் எரியும் பாதத்தை வெந்நீரில் வைக்காதீர்கள், கோடாரித் தைலத்தையும் அங்கே தேய்க்க வேண்டாம். சூடு தெரியாத தோல் வெந்துபோனாலும் சொல்லாது. இரவில் கட்டிலின் கால்மாட்டில், விரிப்புக்கு மேல், இருபக்கமும் திறந்த ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதற்குள் பாதங்கள் இருக்கும்படி வைத்து, போர்வையைப் பெட்டியின் மேலே போடுங்கள். காலையில் பெட்டியை எடுக்கும்போது உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.